உலோக ஸ்டட் சுவரில் கனமான சமையலறை மேல் அலமாரிகளைப் பொருத்துவது எப்படி?

கமுகஞ்சோலை

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு கொண்டோ அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். சமையலறையின் பழைய மேல் அலமாரிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்த இருக்கிறோம். சமையலறை இரண்டு சுவர்களை ஒட்டி மூலையில் திரும்புகிறது. நீளமான சுவர் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவானது. குறுகிய சுவருக்குப் பின்னால் எங்கள் குளியலறை இருக்கிறது. இரண்டும் டிரைவால் (ஜிப்சம் பலகை) சுவர்கள், உள்ளே மெல்லிய உலோக ஸ்டட்கள், அதாவது பலகையைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்கள்.

பழைய அலமாரிகளை இறக்கியபோது கண்டதுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். இரண்டு திருகாணிகள் கையால் இழுத்ததும் வந்துவிட்டன. அவை இருந்த துளைகள் வட்டமாக இல்லாமல் கீழ்நோக்கி நீண்டிருந்தன. உள்ளே தகட்டின் விளிம்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. ஓர் அலமாரி ஒரே ஒரு ஸ்டட்டையும் இரண்டு பிளாஸ்டிக் ஆங்கர்களையும் மட்டுமே நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

புதிதாக வருபவை: நீளமான சுவரில் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம், 12 அங்குல ஆழம் கொண்ட இரண்டு அலமாரிகள்; குறுகிய சுவரில் அடுப்புக்கு மேலே ஒரு சிறிய அலமாரி, அதன் கீழே தொங்கும் மைக்ரோவேவ்; அதற்கு அடுத்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே 24 அங்குல ஆழமும் 15 அங்குல உயரமும் உள்ள ஓர் அலமாரி. எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரங்களும் அரிசி, மா, பருப்பு டப்பாக்களும் மேலேதான் இருக்கும். ஸ்டட்டைக் கண்டுபிடித்து இரண்டு திருகாணி போட்டால் போதும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கடைக்காரரோ கனமான பொருள்களை வைக்கவே வேண்டாம் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியாக இருக்கும்.

பிராம்டன் தம்பி

அக்கா, எங்கள் வீட்டில் நானே எட்டு அலமாரிகள் பொருத்தினேன். ஒவ்வொரு ஸ்டட்டிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று இரண்டரை அங்குலத் திருகாணிகளை இறக்கினேன். இன்றுவரை ஓர் இழை அசையவில்லை. உங்கள் உறவினர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

உளியோசை

தம்பி சொல்வது அவருடைய வீட்டுக்குப் பொருந்தும். பிராம்டனிலும் மார்க்கம் நகரிலும் உள்ள தனி வீடுகளின் சுவர்களுக்குள் இருப்பது மரச் சட்டம். திருகாணியின் புரி ஒன்றரை அங்குல மரத்தைக் கவ்விக்கொள்கிறது. கொண்டோவின் உட்சுவரில் பெரும்பாலும் இருப்பது 25 கேஜ் தகடு, அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். அதில் திருகாணியின் ஒரு புரியோ அதற்கும் குறைவோதான் கவ்வ முடியும். மரத்தில் பழகிய கை திருகாணி முடிந்த பிறகும் இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கும். தகட்டில் அந்த ஒரு சுற்றுதான் துளையை அறுத்துவிடுகிறது. அதன் பிறகு திருகாணி சும்மா சுழலும். அலமாரி சுவரோடு ஒட்டி நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

தங்கச்சி, நீங்கள் கண்ட நீண்ட துளைகளும் இப்படித்தான் உருவாகின்றன. அலமாரியின் எடை திருகாணியைக் கீழே அழுத்துகிறது. இடையில் உள்ள டிரைவால் மென்மையான ஜிப்சம் என்பதால் நசுங்குகிறது, திருகாணி சாய்கிறது, சாயும்போது தகட்டை நெம்புகிறது. பிதுங்கிய விளிம்பு அதன் அடையாளம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டட்டின் குறுக்குவெட்டு பக்கவாட்டில் சாய்த்து வைத்த ‘ப’ போன்றது. ஒரு பக்கம் மூடிய முதுகு, மறுபக்கம் திறப்பு. பலகை திருகப்படும் முகத்தின் அகலம் ஒன்றேகால் அங்குலம்தான். திறந்த விளிம்புக்கு அருகே திருகாணியை வைத்தால் முகம் பின்னால் வளைந்து விலகிவிடும். முதுகுக்கு அருகே வைத்தால் திடமாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே ‘ஸ்டட்டில் போட்டேன்’ என்று சொல்வது மட்டும் போதாது, ஸ்டட்டின் எந்தப் பகுதியில் போட்டோம் என்பதும் முக்கியம்.

என் பரிந்துரை நேரானது. சுவரைத் திறந்து பின்தாங்கு பலகை கொடுங்கள். கீழ் அலமாரியின் மேற்பரப்பு தரையிலிருந்து 36 அங்குலம் என்றால், மேல் அலமாரிகளின் அடிப்பகுதி வழக்கமாக 54 அங்குலத்திலும் தலைப்பகுதி 84 அங்குலத்திலும் வரும். அலமாரியின் தலைச்சட்டம் வரும் இடத்தில் ஓர் அடி உயரத்துக்கும், அடிச்சட்டம் வரும் இடத்தில் அரை அடி உயரத்துக்கும் டிரைவாலைப் பட்டையாக வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனுள்ள பிளைவுட்டை ஸ்டட்களின் முகத்தின் மீது குறுக்காகத் திருகிவிடலாம்.  டிரைவாலின் தடிமன் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அல்லது அரை அங்குலம் இருக்கும். அளந்து பார்த்து அதே தடிமனில் பிளைவுட் வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்டட்டிலும் நான்கைந்து திருகாணிகள் போட இடம் இருக்கும், சுமையும் சுவரின் முழு நீளத்துக்கும் பரவும். வெட்டிய இடத்தை அலமாரியே மறைத்துவிடும் என்பதால் பூச்சு வேலைகூடப் பெரிதாகத் தேவையில்லை. ஒரு நாள் கூடுதல் வேலையைத் தவிர்ப்பதற்காக இதை யாரும் விட்டுவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

சுமைக்கணக்கு

உளியோசை அண்ணாவின் பரிந்துரை நல்லதே. ஆனால் எந்த விசை எவ்வளவு என்று தெரிந்துகொண்டால், எங்கே சுவரைத் திறந்தே ஆக வேண்டும், எங்கே திறக்காமல் செய்ய முடியும் என்று முடிவெடுப்பது எளிதாகும்.

36 அங்குல அகலமுள்ள துகள்பலகை அலமாரி கதவுகளோடு சுமார் 30 கிலோ வரும். உள்ளே 50 கிலோ வைப்பதாகக் கொண்டால் மொத்தம் 80 கிலோ. இந்த எடை இரண்டு வகையில் சுவரைத் தாக்குகிறது. முதலாவது, திருகாணிகளைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை. அது முழு 80 கிலோ. இரண்டாவது, அலமாரி முன்னால் கவிழ முயல்வதால் மேல் திருகாணிகளை வெளியே இழுக்கும் விசை. எடையின் மையம் சுவரிலிருந்து 6 அங்குலத்தில் இருக்கிறது. மேல் திருகாணிக்கும் அலமாரியின் அடி விளிம்புக்கும் இடையே சுமார் 28 அங்குலம். ஆகவே இழுவிசை 80 கிலோவை 6-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 17 கிலோ. மேல் திருகாணிகள் அனைத்தும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன.

8-ஆம் எண் திருகாணி ஒன்று 25 கேஜ் தகட்டில் ஒழுங்காகப் பிடித்திருந்தால், மூன்று மடங்கு பாதுகாப்புக் காரணியோடு கணக்கிட்டாலும் சுமார் 13 கிலோ இழுவிசையைத் தாங்கும். அதைவிடத் தடித்த 20 கேஜ் கட்டமைப்புத் தகட்டில் அதே திருகாணி சுமார் 33 கிலோ தாங்கும். எனவே 12 அங்குல ஆழமுள்ள அலமாரியைப் பொறுத்தவரை, பிய்ந்து வருவதைவிடத் திருகாணி சாய்ந்து துளை நீள்வதே முதல் ஆபத்து. கமுகஞ்சோலை கண்டதும் அதுதான்.

இப்போது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலுள்ள அலமாரியைப் பாருங்கள். ஆழம் 24 அங்குலம், எனவே எடையின் மையம் சுவரிலிருந்து 12 அங்குலம். உயரம் 15 அங்குலம், நெம்புக்கு எதிராக நிற்கும் தூரம் சுமார் 13 அங்குலம்தான். மொத்தம் 50 கிலோ என்றாலும் இழுவிசை ஏறத்தாழ 46 கிலோ. எடை குறைவு, இழுவையோ பெரிய அலமாரியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பார்வைக்குச் சிறியதாகத் தெரிவதால் பலர் இதைத்தான் அலட்சியமாகப் பொருத்துகிறார்கள்.

உளியோசை

கணக்கைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி தம்பி. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ‘ஒழுங்காகப் பிடித்திருந்தால்’ என்ற உங்கள் சொற்களில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அறுந்துபோன துளையில் உள்ள திருகாணியின் இழுதாங்கு திறன் பூச்சியம். எத்தனை துளைகள் அறுந்தன என்பது பொருத்தியவருக்கு மட்டுமே தெரியும். அதோடு, ஸ்டட்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால் 36 அங்குல அலமாரிக்குச் சில நேரங்களில் ஒரே ஒரு ஸ்டட்தான் கிடைக்கும். உயரம் எட்டாத பிள்ளை கீழ்த்தட்டைப் பிடித்துத் தொங்குவதும் அன்றாடம் நடப்பதே. அசையாத சுமைக்கான கணக்கில் அந்த உதறல் இடம்பெறுவதில்லை. பின்தாங்கு பலகை இருந்தால் திருகாணி எந்த இடத்தில் விழுந்தாலும் பிளைவுட்டின் முழுத் தடிமனுக்கும் மரம் கிடைக்கிறது. ஒரு திருகாணி சரியில்லை என்றால் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்றைப் போடலாம். அதனால்தான் திறக்கச் சொல்கிறேன்.

மேல்மாடி

எங்கள் அடுக்ககத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரைத் தயவுசெய்து அப்படியே வெட்டிவிடாதீர்கள். அந்தச் சுவர் இரண்டு வீடுகளுக்கும் இடையே தீயைத் தடுப்பதற்காகவும் ஒலியைத் தடுப்பதற்காகவும் சோதிக்கப்பட்ட ஓர் அமைப்பு. அதிலுள்ள டிரைவாலின் வகை, அடுக்குகளின் எண்ணிக்கை, விளிம்புகளை அடைக்கும் பசை எல்லாம் அந்த அமைப்பின் பகுதிகள். டிரைவாலை எடுத்துவிட்டு அதே தடிமனில் பிளைவுட் வைத்தால் தடிமன் அதேதான், தீத்தடுப்பு அதே அல்ல. பல கொண்டோக்களில் வீட்டு உரிமையாளருக்குச் சொந்தமானது டிரைவால் வரைதான்; அதற்குப் பின்னால் உள்ளது பொதுச்சொத்து. பொதுச்சொத்தில் மாற்றம் செய்வதற்கு ஒன்ராறியோவின் 1998-ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டத்தின் 98-ஆம் பிரிவின்படி நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் அடுக்ககத்தின் பிரகடன ஆவணத்தில் எல்லை எங்கே என்று எழுதியிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்னர் நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்குள்ளே உள்ள குளியலறைச் சுவர் வேறு வகை; அங்கே பெரும்பாலும் தடை இராது. எனினும் எரியாக் கட்டுமானம் என்று வகைப்படுத்தப்பட்ட கட்டடமாக இருந்தால், தீத்தடுப்பு மருந்தேற்றிய பிளைவுட்டையோ 20 கேஜ் தகட்டுப் பட்டையையோதான் பயன்படுத்தச் சொல்வார்கள்.

கட்டடம் 1980-க்கு முந்தியது என்றால், டிரைவால் இணைப்புப் பூச்சில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. வெட்டுவதற்கு முன் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்.

கமுகஞ்சோலை

கட்டடம் 2000-க்குப் பிறகு கட்டப்பட்டது, எனவே அந்தக் கவலை இல்லை. வலிமையான சிறு காந்தங்களைச் சுவரில் நகர்த்திப் பார்த்தோம். டிரைவாலின் திருகாணிகள் இருக்கும் இடங்களில் அவை தாமாக ஒட்டி நின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றதைப் பார்த்து ஸ்டட்களைக் குறித்துக்கொண்டோம். பொதுச் சுவரில் இடைவெளி 24 அங்குலம், குளியலறைச் சுவரில் 16 அங்குலம். குளியலறைச் சுவரைத் திறப்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பொதுச் சுவரைத் திறக்காமல் என்ன செய்யலாம்?

சுமைக்கணக்கு

பொதுச் சுவருக்கு எஃகுத் தொங்குதண்டவாளம் பொருத்தமானது. சுவரின் முழு நீளத்துக்கும் ஒரே தண்டவாளத்தைப் பொருத்தி, அலமாரிகளின் பின்புற மேல் மூலைகளில் உள்ள கொக்கிகளை அதில் மாட்டுவது இந்த முறை. ஐகியாவின் செக்‌ஷன் அலமாரிகள் தண்டவாளத்தில்தான் தொங்குகின்றன. பிற அலமாரிகளுக்கும் இத்தகைய தண்டவாளமும் கொக்கியும் தனியாகக் கிடைக்கின்றன. இதன் பயன், திருகாணி விழும் இடத்தை அலமாரியின் அகலம் தீர்மானிப்பதில்லை என்பதே. 36 அங்குல அலமாரிகள் இரண்டு, அதாவது 6 அடி நீளத் தண்டவாளம், 24 அங்குல இடைவெளியில் குறைந்தது மூன்று ஸ்டட்களைத் தொடும். இரண்டு அலமாரிகளின் சுமையும் அந்த மூன்றுக்கும் பகிரப்படுகிறது.

ஒவ்வொரு ஸ்டட்டிலும் சாதாரணத் திருகாணிக்குப் பதிலாகக் கால் அங்குல டாகிள் போல்ட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்டட்டின் முகத்துக்கு நடுவே அரை அங்குலத் துளையிட்டு, உலோகப் பட்டை கொண்ட டாகிளை உள்ளே செலுத்தினால், அந்தப் பட்டை தகட்டின் பின்புறத்தில் நிமிர்ந்து படுத்துக்கொள்ளும். புரி தகட்டைக் கவ்வ வேண்டிய தேவையே இல்லை. இழுவிசை முழுவதும் பட்டையின் பரப்பில் இறங்குகிறது, தடித்த போல்ட் எளிதில் சாய்வதும் இல்லை. ஒன்றேகால் அங்குல முகத்தில் அரை அங்குலத் துளை என்பதால் இரு பக்கமும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குதான் மிஞ்சும். எனவே துளை நடுவில் இருந்தே ஆக வேண்டும். முதலில் மெல்லிய ஊசியால் ஸ்டட்டின் இரு விளிம்புகளையும் கண்டுபிடித்துக் குறித்துவிட்டு, பிறகு துளையிடுங்கள்.

ஸ்டட்களுக்கு இடையே வெறும் டிரைவாலில் போடும் டாகிள்களைக் கூடுதல் துணையாக மட்டுமே கருதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் பிய்ந்து வரும் எல்லையைக் குறிப்பது. அதில் கால் பங்கை நம்பலாம்.

இன்னொரு செய்தி. உயர்ந்த கட்டடங்களில் மேல்தளம் சிறிதளவு தாழ்ந்து உயரும். அந்த அசைவு சுவருக்குள் இறங்காதிருக்க, ஸ்டட்களின் தலையை மேல் தட்டுப்பட்டையோடு திருகாமல் சிறு இடைவெளி விட்டு நிறுத்துவது வழக்கம். அது வேலைக் குறை என்று எண்ணி யாரும் அங்கே திருகாணி போட்டுவிட வேண்டாம். அதே காரணத்தால் அலமாரியையும் மேற்கூரையோடு இறுக்கிக் கட்டக் கூடாது.

மின்கம்பி

மின்வேலை செய்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உலோக ஸ்டட்களின் முதுகில் முன்பே வெட்டப்பட்ட துளைகள் உண்டு. கம்பிகளும் குழாய்களும் அவற்றின் வழியே குறுக்காகப் போகும். சமையலறைச் சுவரில் மேற்பரப்புக்கு மேலுள்ள மின்செருகிகளுக்கும் மைக்ரோவேவுக்கும் கம்பிகள் வருகின்றன, குளியலறைப் பக்கம் தண்ணீர்க் குழாயும் காற்றுப்போக்கிக் குழாயும் இருக்கலாம். தாமிரக் குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் காந்தம் காட்டாது. மாறாக, கம்பியைப் பாதுகாக்க ஸ்டட்டின் முகத்தில் அறைந்த எஃகுத் தகட்டைக் காந்தம் நன்றாகவே காட்டும். அதை ஸ்டட் என்று நினைத்துத் துளையிடப் போனால், எதைக் காப்பதற்காகத் தகட்டை வைத்தார்களோ அதையே துளைக்கப் போகிறோம். துளைமுனை இறங்க மறுத்தால் அங்கே அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

சுவரைத் திறக்கும்போது மின்சாரத்தை பிரேக்கர் பெட்டியிலேயே நிறுத்துங்கள். துளைகளில் பிளாஸ்டிக் வளையம் இல்லாமல் கம்பி நேரடியாகத் தகட்டைத் தொட்டுக்கொண்டு போவதைக் கண்டால், மூடுவதற்கு முன் உரிமம் பெற்றவரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள். தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை மெல்ல அறுக்கும்.

பிராம்டன் தம்பி

உலோக ஸ்டட்டின் இயல்பு இவ்வளவு வேறு என்று இப்போதுதான் விளங்குகிறது. ஒரு சந்தேகம்: டிரைவாலுக்குப் போடும் கறுப்புத் திருகாணிகளையே அலமாரிக்கும் பயன்படுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியா?

உளியோசை

சரியல்ல தம்பி. அவை கடினமாக்கப்பட்ட எஃகு. வளையாமல் சட்டென்று முறியும். தலை குவிந்து கூர்மையாக இருப்பதால் துகள்பலகைக்குள்ளும் புதைந்துவிடும். பின்தாங்கு பலகை உள்ள சுவரில் 8-ஆம் எண், இரண்டரை அங்குல நீளம், அகன்ற தட்டைத் தலையுள்ள அலமாரித் திருகாணிகளைப் போடுங்கள். அதைவிட நீளமானதை வாங்க வேண்டாம், பின்னால் குழாய் இருக்கலாம். பிளைவுட்டை ஸ்டட்டோடு இணைப்பதற்குக் கூர்முனை கொண்ட நெருக்கமான புரித் தகட்டுத் திருகாணி நல்லது. துளைமுனைத் திருகாணி 25 கேஜில் தேவைக்கு மேல் தகட்டைக் குடைந்து எடுத்துவிடும். அது தடித்த தகட்டுக்கு உரியது. துளையிடும் கருவியின் இறுக்க அளவைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றைக் கையால் முடியுங்கள்.

தங்கச்சி, இனி உங்கள் குறுகிய சுவர். அடுப்புக்கு மேலுள்ள அலமாரி சிறியது என்று எண்ண வேண்டாம். மைக்ரோவேவின் பின்புறம் சுவரிலுள்ள தகட்டில் மாட்டப்படுகிறது, முன்புறத்தை அலமாரியின் அடிப்பலகை வழியாக இறங்கும் போல்ட்கள் தூக்கிப் பிடிக்கின்றன. மைக்ரோவேவ் சுமார் 25 கிலோ இருக்கும். அதில் ஒரு பங்கு அந்த அலமாரி மீதே விழும். எனவே சுவரைத் திறக்கும்போது அலமாரிக்கு மட்டுமன்றி, மைக்ரோவேவ் தகடு வரும் உயரத்துக்கும் பிளைவுட் வையுங்கள். எந்த உயரம் என்பதை அதனோடு வரும், துளையிடங்களைக் குறித்த காகித மாதிரியைச் சுவரில் ஒட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மைக்ரோவேவை வாங்குவதற்கு முன்பே சுவரை மூடிவிடாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்கு மேலுள்ள அலமாரியைச் சுவரில் மட்டும் தொங்கவிடுவதை நான் ஏற்கவில்லை. சுமைக்கணக்குத் தம்பியின் கணக்கும் அதையே சொல்கிறது. பெட்டியின் இரு பக்கமும் தரைவரை இறங்கும் முக்கால் அங்குலப் பக்கப் பலகைகளை நிறுத்தி, அலமாரியை அவற்றுக்கிடையே வைத்து இரு பக்கமும் திருகிவிடுங்கள். எடை பலகைகள் வழியே தரைக்குப் போய்விடும். சுவரிலுள்ள திருகாணிகளுக்கு, பின்னால் இழுத்துப் பிடிக்கும் சிறு வேலை மட்டுமே மிஞ்சும். ஒரு பக்கம் சுவரே இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் பலகை வேண்டியதில்லை, அந்தச் சுவரிலும் பின்தாங்கு இருந்தால் போதும்.

பொருத்தும்போது அலமாரியைக் கையில் தாங்கிக்கொண்டு திருகுவதைத் தவிருங்கள். 54 அங்குல உயரத்தில் ஒரு நேரான மரச்சட்டத்தைத் தற்காலிகமாகச் சுவரில் திருகி, அதன் மேல் அலமாரியை உட்காரவைத்து வேலை செய்யுங்கள். கதவுகளையும் தட்டுகளையும் முன்னதாகவே கழற்றிவிட்டால் எடை நன்றாகக் குறையும். சுவர் ஓரிடத்தில் குழிந்திருந்தால் திருகாணிக்கு நேராக மெல்லிய ஆப்பு வைத்த பிறகே இறுக்குங்கள். இல்லாவிட்டால் அலமாரியின் முதுகு குழிக்குள் இழுபட்டுக் கதவுகள் கோணலாகும். பக்கத்துப் பக்கத்து அலமாரிகளை முன்விளிம்பில் ஒன்றோடொன்று திருகிவிடுங்கள்.

கமுகஞ்சோலை

எல்லோருக்கும் மிக்க நன்றி. நிர்வாக அலுவலகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். பொதுச் சுவரை வெட்டாமல் தண்டவாளமும் டாகிள்களும் பொருத்துவதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன். குளியலறைச் சுவரில் மருந்தேற்றிய பிளைவுட் வைப்பதையும் குறிப்பிட்டிருக்கிறேன். பக்கப் பலகைகளையும் அலமாரிக் கடையில் சேர்த்துச் சொல்லிவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி: அரை அங்குலத் துளையைச் சாதாரணத் துளைமுனையால் போடலாமா? தகடு கிழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

சுமைக்கணக்கு

அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பெரிய முறுக்குமுனை மெல்லிய தகட்டில் சிக்கி, ஸ்டட்டையே திருக்கிவிடும், துளையும் வட்டமாக வராது. டிரைவாலில் முதலில் அரை அங்குலத் துளையைப் போட்டுத் தகடு தெரியும்வரை தூளை எடுத்துவிடுங்கள். பிறகு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு முனையால் தகட்டின் நடுவில் வழித்துளை போட்டு, படிப்படியாக அகலும் கூம்பு வடிவத் துளைமுனையை மெதுவான வேகத்தில் இறக்குங்கள். அரை அங்குலத்துக்குரிய படியில் ஒரு நாடாவை ஒட்டி வைத்தால் அதற்கு மேல் போய்விடாது. இறுக்கும்போது தண்டவாளம் டிரைவாலோடு ஒட்டியதும் கால் சுற்று போதும். ஜிப்சம் நசுங்கும்வரை இறுக்கினால் சாய்வதற்கான இடத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

மேல்மாடி

பொதுச் சுவரில் போடும் துளைகளில் தண்டவாளத்தை ஏற்றுவதற்கு முன், தீத்தடுப்புப் பசையை ஒவ்வொரு டாகிளைச் சுற்றியும் பூசிவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் அனுமதிக் கடிதத்திலேயே அதை நிபந்தனையாக எழுதுகிறோம். உங்கள் கடிதத்திலும் வரக்கூடும்.